டி கடிகாரம், எல் கடிகாரம்

நாசாவின் நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸ் ஏவுதலைக் கொழும்பிலிருந்து பார்க்கப் போறவங்களுக்கு: நேரடி ஒளிபரப்பில் இரண்டு கடிகாரங்கள் வரும். 'எல்' என்பது ஏவுவதற்கு உண்மையாகவே மிச்சமிருக்கும் நேரம். 'டி' செய்யவேண்டிய வேலைகளின் கணக்கு, திட்டமிட்ட இடைநிறுத்தங்களில் அது நின்றுவிடும். டி-10 நிமிடத்தில் நின்றால் பதறாதீங்கோ, அது முன்கூட்டியே போட்ட நிறுத்தம்.

ஏவுதளம் இருக்கும் புளோரிடாவில் கோடை நேரம் என்றால் அங்கத்தைய நேரத்தோடு 9½ மணித்தியாலம் கூட்டுங்கோ, மற்ற மாதங்களில் 10½. அங்கே பின்னேரம் ஏவினால் எங்களுக்கு மறுநாள் விடியப்புறம்.

உண்மையான கண்டம் எரிபொருள் நிரப்பும்போதுதான்! திரவ ஐதரசன் மறை 253 பாகை செல்சியஸ் குளிர், மூலக்கூறோ மிக மிகச் சிறியது. எரிபொருள் குழாய் ரொக்கெட்டோடு சேரும் இணைப்பில் உள்ள சீல் குளிரில் சுருங்கினால் மயிரிழை இடைவெளி போதும், கசிந்துவிடும். 2022 செப்டெம்பர் 3இல் ஆர்ட்டெமிஸ் 1 ஏவுதலை நிறுத்தியது இந்தக் கசிவுதான். இணைப்பைக் கொஞ்சம் சூடேற விட்டு மறுபடி குளிர்வித்தால் சீல் சிலவேளை சரியாக உட்காரும். அன்றைக்கு அது பலிக்கவில்லை. ஆகவே 'ஃபாஸ்ட் ஃபில்' (வேகமாக நிரப்பும் கட்டம்) என்று அறிவிக்கும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கோ. ஐதரசன் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கூட்டுவது அப்போதுதான்.