டின்மீன் பேணியும் ஒன்றரை பேர்ச் புல்லும்

போன ஆகஸ்ட்டில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவராகத் தொடங்கியது. திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு அதைப் புதினம் என்று சொல்ல முடியாது, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நல்ல தண்ணீர் மிதக்கிறது, மேலே இருப்பதை வாரி இறைத்தால் கீழே இருப்பது ஏறி வரும். ஆனாலும் தேத்தண்ணீர் கரித்த அன்று அம்மா நேரே என் புல்லைத்தான் பார்த்தார். மாடும் இல்லாத வீட்டில் எதற்குப் புல் என்பது அவருடைய பழைய கேள்வி.

முற்றத்தில் 20 அடிக்கு 20 அடி, ஏறக்குறைய ஒன்றரை பேர்ச், மலேசியன் புல். நடுவில் ஹோஸ் பைப்பில் மாட்டிய மூன்று கைச் சுழலி, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். அது எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு நாள் ஹோஸைக் கழற்றி 20 லீற்றர் வாளியில் விட்டுப் பார்த்தேன், 75 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 16 லீற்றர், அரை மணிக்கு 480. எங்கள் மேல்த் தாங்கியே 500 லீற்றர்தான்!

அப்புறம்தான் பேணி யோசனை வந்தது. வெறும் டின்மீன் பேணிகள் ஒன்பதைக் கழுவி (சுவர் நேராக இருக்கிற பேணிதான் சரி, மேலே அகன்றது கணக்கைக் கெடுக்கும்) புல்லில் மூன்று வரிசையாக வைத்து, அரை மணி ஓடவிட்டு, பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன். நடுவில் 19 மில்லிமீற்றர். மூலைகளில் 3. கேற்றுக்கு வெளியே விளையாட்டாக வைத்த பத்தாவது பேணியில் 4, அதாவது என் புல்லின் மூலையை விட வீதிக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. மூலை காய்கிறதே என்று நான் நேரத்தைக் கூட்டக் கூட்ட, நடுவில் விழுந்ததெல்லாம் வேரைத் தாண்டி மணலுக்குள் இறங்கியிருக்கிறது. எங்கள் மண் வெறும் மணல், தேங்கி நிற்காது, அதனால் வீணாவது கண்ணுக்குத் தெரியாது. அம்மா வாசலில் நின்று, "மழையையே அளக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொழும்பிலிருந்து வந்த அத்தானிடம் சொல்லி நாலு ரோட்டரி நொசில் எடுப்பித்தேன். மெல்லிய விரல்கள் மாதிரிப் பல தாரைகளாகப் பிரிந்து மெதுவாகச் சுற்றும், துளி கொஞ்சம் பருமன், காற்று லேசில் தூக்காது. கால் வட்டத்துக்குத் திருப்பிவிட்டால் ஒன்று நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர்தான் விடும். நாலு மூலைக்கு நாலு, ஒன்றின் தண்ணீர் அடுத்ததின் காலடி வரை போய் விழ வேண்டும். எஸ்லோன் (பி.வி.சி.) பைப்பை ஒரு சாண் ஆழத்தில் தாட்டு, பசை காயும் வரை பொறுக்காமல் திறந்து, ஒரு முழங்கை (பைப்பை வளைக்கிற மூட்டு) கழன்று முகத்தில் அடித்த கதையை விடுவோம்.

மேல்த் தாங்கியில் இருந்து லைன் கொடுத்திருந்தேன். திறந்தேன். நாலும் அழுகிற பிள்ளையின் மூக்கு மாதிரி ஒழுகின, ஒன்றுகூடச் சுற்றவில்லை. நான் நொசிலைத்தான் சந்தேகித்தேன், அழுத்தம் காட்டுகிற கேஜ் ஒன்று இரவல் வாங்கி மாட்டிய பிறகுதான் விளங்கியது. 18 அடி உயரத் தாங்கி தருவது 8 பி.எஸ்.ஐ. (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) மட்டும்தான், இதற்கு வேண்டியது 40. எத்தனை நல்ல நொசில் என்றாலும் அந்த அழுத்தத்தில் வெறும் பிளாஸ்டிக்.

சரி, மோட்டரில் இருந்தே நேரடியாகக் கொடுத்தேன். இப்போது மற்றப் பக்கத்துச் சிக்கல். நாலும் சேர்ந்து நிமிடத்துக்கு 6 லீற்றர்தான் எடுக்கும், மோட்டர் தள்ளுவதோ அதைவிடப் பல மடங்கு. முட்டிக்கொண்டு நின்றால் மோட்டர் சூடாகும், அழுத்தம் கூடி நொசிலும் பனிப்புகை மாதிரி ஊதும், அந்தப் புகை புல்லில் இறங்காமல் காற்றோடு போய்விடும். லைனை இரண்டாகப் பிரிக்க ஒரு டீ மூட்டுப் போட்டு, மிச்சம் தாங்கிக்கே ஏறட்டும் என்று விட்டு, அந்தப் பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கேஜ் முள் 40-க்கு வந்ததும் தாரைகள் விரிந்து சுற்றத் தொடங்கின. வால்வில் அந்த இடத்துக்கு நகப்பூச்சால் ஒரு கோடு, தங்கச்சியின் சிவப்பு.

திரும்பவும் பேணிகள். அரை மணிக்கு எல்லாவற்றிலும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். மொத்தச் செலவு 180 லீற்றர், முந்தியதை விட 300 குறைவு. முதல் கிழமை புல் கொஞ்சம் வாடின மாதிரித்தான் இருந்தது, பயந்து நேரத்தைக் கூட்டப் போய்க் கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் கிழமை ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தால் நாலு அங்குலம் வரை ஈரம், மூலையிலும்.

வேலை இல்லாமலில்லை. கிணற்று மணல் நொசிலுக்கு அடியில் இருக்கிற சின்ன வடியில் போய் அடைக்கும், ஒன்று சுற்றாமல் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அதுதான் காரணம். பழைய பல் பிரஷால் பத்து நாளைக்கு ஒருமுறை தேய்க்கிறேன். மோட்டருக்குப் பக்கத்தில் பெரிய வடி ஒன்று போடாதது என் கஞ்சத்தனம்.

இந்த மே மாதம் கச்சான் எழும்பியது (கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து அனல் மாதிரி வருகிற காற்று). விடிய ஐந்தரைக்கே மோட்டரைப் போடுகிறேன், ஆனால் சில நாட்களில் அதற்கு முன்னமே காற்றுத் தொடங்கிவிடுகிறது. அப்போது தாரை முழுவதும் கிழக்கே சரியும், மேற்கு மூலைப் பேணியில் 2 மில்லிமீற்றர்தான். அந்த மூலைக்கு இப்போதைக்கு அரிசி கழுவின தண்ணீர் போகிறது. ஊற்றுவது அம்மா.