நேட்டால் பங்காளிகளோடு பேச்சு விட்டுப்போகாமல் இருக்க

எங்கள் எள்ளுத்தாத்தாவின் அண்ணன் 1880களில் சென்னையில் கப்பலேறி, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனவர். டர்பனுக்கு வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். ஆள் திரும்பி வரவில்லை.

1860 முதல் 1911 வரை அங்கே போன 1,52,184 பேருக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, கிராமம் எல்லாம் உண்டு. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தலை சுற்றும். வட ஆற்காடு, குடியாத்தம் என்று ஊர் வழியாகச் சலிப்பதுதான் நல்லது. ஆள் கிடைத்ததும் அவருடைய ஒப்பந்த எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடும். எண் மாறாது. அடுத்த தலைமுறைகளுக்கு அங்கத்திய இறப்பு அறிவிப்புப் படிவங்கள் கைகொடுத்தன. இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

டிஎன்ஏ சோதனை செய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டான். இத்தனை தலைமுறை தள்ளிய உறவில் பாதிப் பேருக்கு இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டு எதுவுமே தெரியாது. நம் வீடுகளிலோ மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் வேறு. தூரத்து உறவும் கிட்டத்து உறவாகக் காட்டும். அந்தக் காசுக்கு போன் கார்டு போடலாம் என்றேன்.

கண்டுபிடிப்பதைவிடத் தொடர்ந்து பேசுவதுதான் கஷ்டம். குடும்ப மரம் வரைந்து அனுப்பினேன். எல்லோரும் ஆகா என்றார்கள், அப்புறம் சத்தமே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் மட்டும் வந்து குவிந்தன.

நிலைமையை மாற்றியது முறை சொல்லும் வேலை. அண்ணன் தம்பி வழி என்பதால் எல்லோரும் பங்காளிகள். யாருக்கு யார் என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் ஒரே கலகலப்பு. எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எனக்கு அண்ணன் முறை. டர்பனில் கல்லூரியில் படிக்கும் பையன் சித்தப்பா! அவன் இப்போது விடாமல் போன் செய்கிறான், 'சித்தப்பா' என்று என் வாயால் கேட்பதற்காகவே. அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது, ஆங்கிலம்தான். ஆனால் தாத்தாவும் ஆயாவும் அக்காவும் அப்படியே இருக்கிறார்கள்.

இன்னொன்று ஆடி மாதம். அங்கேயும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், புரட்டாசியில் கறி தொடுவதில்லை. இரண்டு பக்கமும் கூழ்ப்பானைப் படம் போட்டதில், வருடம் முழுக்க வாய் திறக்காதவர்கள்கூடப் பேசினார்கள். மோர் ஊற்றுவதா வேண்டாமா என்று ஒரு சண்டையே நடந்தது. நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள் என்பதால் ஞாயிறு மாலை நமக்கும் தோது, அவர்களுக்கும் தோது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியேற்றியபோது, ஒரு கிளை டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கும் இன்னொரு கிளை வடக்கே ஃபீனிக்ஸுக்கும் போயிருக்கிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு பேச்சு விட்டுப்போனவர்களைக் குடியாத்தத்திலிருந்து நாங்கள் அறிமுகம் செய்துவைத்தோம். இப்போது அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய் வருகிறார்கள், எங்களுக்குப் படம்தான் வருகிறது.

பெண் வழிதான் பாக்கி. போனவரின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெயர் தெரிந்தால் மாமன் மச்சான் உறவும் கிடைத்துவிடும். சாட்ஸ்வொர்த் அக்கா பழைய கல்யாணப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.