கடப்பாக்கத்தில் நின்ற வண்டி

2024 ஜூன் 7, வெள்ளி

நான்கு நாள் காத்திருப்புக்குப் பின் இன்று மாலை வண்டி சர்வீஸ் முடிந்து கைக்கு வந்தது. பதினோரு வருடப் பழைய, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். நான் அதன் மூன்றாவது உரிமையாளன். என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மூன்றையும் மாற்ற வேண்டியிருந்ததால், செலவு கூடுதலானாலும் பரவாயில்லை என்று டீலரின் பணிமனையிலேயே விட்டிருந்தேன். செய்த வேலைகளைப் பட்டியலிடும் ஜாப் கார்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக் இருந்தது. கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

புதுச்சேரியில் காலை உணவு என்று மைத்துனரிடம் சொல்லியிருந்தேன். அவரையும் ஏற்றிக்கொண்டு திருவான்மியூரிலிருந்து ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டும் வரை வெப்பமானியின் முள் வழக்கம்போல 90 டிகிரியிலேயே நின்றது. கடப்பாக்கத்தை நெருங்கும்போது அது அசையத் தொடங்கியது. நூறைத் தாண்டியதும் ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, என்ஜினின் சூட்டில் கொஞ்சத்தையாவது வெளியே இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிட்டேன். ஜூன் மாதத்தில் ஹீட்டர் போட்டு ஓட்டியவன் இந்தச் சாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அதிலிருந்து வந்தது குளிர்ந்த காற்று. என்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் சூடு இல்லையென்றால் குழாய்களுக்குள் கூலன்ட் ஓடவில்லை என்று பொருள். சிவப்பு விளக்கு எரிந்த அதே நொடியில் ஒரு பனை மரத்தடியில் ஒதுக்கி அணைத்தேன்.

அங்கே நுங்கு வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு குடம் தண்ணீருடன் வந்து, "முன்னாடி மூடியைத் திறங்க தம்பி, ஊத்திடலாம்" என்றார். திறந்து காட்டினேன், உள்ளே எங்கள் பையும் இட்லி டப்பாவும் இருந்தன. என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அவர் கடைசி வரை நம்பியதாகத் தெரியவில்லை. சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் தண்ணீரை மறுத்துவிட்டு, ஆளுக்கு ஆறு நுங்கு சாப்பிட்டோம். தட்டை மேடை கொண்ட டோ வண்டி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. வண்டியின் அடிப்பாகம் தாழ்வானது. சரிவில் பலகைகளை அடுக்கித்தான் ஏற்ற முடிந்தது.

ஜூன் 10, திங்கள்

சர்வீஸ் அட்வைசர் தொலைபேசியில், "வாட்டர் பம்ப் பழசு சார், எப்போ வேணா போகும், சர்வீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். என்ஜின் மூடியைக்கூடத் திறக்காமல் சொல்லப்பட்ட முடிவு அது. புதிய பம்புக்கு மதிப்பீடும் அனுப்பிவிட்டார். கசிவைக் கண்டுபிடிக்கும் அழுத்தச் சோதனையை என் கண்முன் செய்யாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது என்று மின்னஞ்சலில் எழுதினேன். இப்படிப்பட்ட விஷயத்தில் வாய்ப்பேச்சு உதவாது.

ஜூன் 12, புதன்

இன்று அந்தச் சோதனை நடந்தது. கூலன்ட் தொட்டியின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, ஒரு பார் என்ற அளவுக்குச் சற்று மேல் அழுத்தம் ஏற்றினார்கள். பதினைந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டிய முள், ஐந்து நிமிடத்துக்குள் பாதிக்கு இறங்கிவிட்டது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பம்பில் ஈரமே இல்லை. சர்வீஸின்போது கழற்றிய ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், பழைய தடத்திலிருந்து அரை அங்குலம் விலகி, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டு அங்கிருந்துதான்.

அழுத்தம் இருக்கும் வரை கூலன்ட் கலவை 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. கசிந்து அழுத்தம் இறங்கிவிட்டால் நூறைச் சற்றுத் தாண்டியதுமே ஆவியாகத் தொடங்கும். ஆனால் அந்தக் கிளாம்ப் மட்டும் காரணமில்லை. ரேடியேட்டர்கள் முன்னால், என்ஜின் பின்னால், நடுவே வண்டியின் நீளத்துக்குக் குழாய்கள் என்ற அமைப்பில், கூலன்டை மேலிருந்து ஊற்றினால் வளைவுகளில் காற்று சிக்கிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கும். முதலில் வெற்றிடம் உண்டாக்கி, அந்த உறிஞ்சலிலேயே கூலன்டை உள்ளே இழுக்க வேண்டும். அதற்கென ஒரு கருவி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது அட்வைசர் தலையாட்டினார். வயதில் மூத்த ஃபோர்மேன் என்னை ஓரமாக அழைத்து, "அது வேற பிராஞ்சுக்குப் போயிருந்தது சார், பையன் மேலேயே ஊத்திட்டான்" என்றார். ஜாப் கார்டில் வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் அந்த வரிக்கும் டிக் இருந்தது. கசிவைவிட எனக்கு அதிகம் உறுத்தியது அந்த டிக்தான்.

ஜூன் 14, வெள்ளி

முள் இறங்கும் வீடியோ, ஜாப் கார்டு நகல், டோ ரசீது மூன்றையும் இணைத்து மேலாளருக்குக் கடிதம் அனுப்பினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சேவைக் குறைபாடு என்றும், புகார் அளிக்க எனக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்றும் ஒரே பத்தியில் குறிப்பிட்டேன். 1915 என்ற உதவி எண்ணை அழைக்கும் தேவை ஏற்படவில்லை. மாலையே பதில் வந்தது.

ஜூன் 21, வெள்ளி

டோ கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். மறுவேலைக்குக் கூலி இல்லை. சிலிண்டர்களின் மேல் மூடியான அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருக்குமோ என்ற பயம்தான் இத்தனை நாளும் தூங்கவிடவில்லை. ஆறு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்தார்கள்; பெரிய வேறுபாடு இல்லை. கருவி வந்து சேர்ந்திருந்தது, அதைக் கொண்டு கூலன்ட் நிரப்புவதை நான் நின்று பார்த்தேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், இறுக்கிய போல்ட்டின் மேல் மெக்கானிக்குகள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். கோடு விலகினால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும். கிளாம்ப்களிலும் அப்படி இழுக்கச் சொன்னேன். ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே தானே இழுத்தார்.

ஜூன் 23, ஞாயிறு

மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்பினேன். முள் 90இல் நின்றது. வீட்டுக்கு வந்து, வண்டி ஆறும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன்: கூலன்ட் அளவு காலையில் குறித்த இடத்திலேயே இருந்தது, வெள்ளைக் கோடும் விலகவில்லை. மைத்துனர் இன்று வர மறுத்துவிட்டார்.