மெயில் சர்வருக்கு வட்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

குன்னூரில் ஒரு தேயிலை வணிக அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பராமரித்து வருகிறேன். ஏலம் நடக்கும் வியாழன், வெள்ளிக்கிழமைகளில் காலை பத்து மணியைத் தாண்டினாலே கடிதங்கள் கியூவில், அதாவது காத்திருப்பு வரிசையில், தேங்கிவிடும். வட்டுகளில் பாதிக்கு மேல் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் வட்டுகளின் வேலைப்பளுவைக் காட்டும் ஐயோஸ்டாட் கருவியை ஓட விட்டால் நான்கு வட்டுகளும் நூறு சதவீதத்திலேயே நின்றன. ப்ராசஸரோ சும்மா இருந்தது.

வாங்கும்போது எத்தனை டெராபைட் என்று மட்டும் கேட்டது என் தவறு. விநாடிக்கு எத்தனை முறை படிக்கவும் எழுதவும் முடியும் என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் சர்வரில் கடிதங்களை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், ஒரு கடிதத்தை வட்டில் உறுதியாக எழுதி முடித்த பின்னரே, அனுப்பியவருக்கு 250 என்ற ஏற்புப் பதிலைத் தருகிறது. கடிதங்களைச் சேமிக்கும் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு என்பதால், பெறுபவரின் அஞ்சல் பெட்டியில் சேர்க்கும்போது மறுபடியும் எழுத வேண்டும். எல்லாமே வட்டில் அங்கங்கே சிதறி நடக்கும் சின்னச் சின்ன எழுதும் வேலைகள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கே 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். படித்து எழுதும் முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், விநாடிக்கு ஏறத்தாழ 75 படிக்கும் அல்லது எழுதும் செயல்களே தேறும்.

இதற்கு மேல், பல வட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 அமைப்பு வேறு. அதில் ஒருமுறை சிறிதளவு எழுதவே, பழைய தரவையும், இழந்த தரவை மீட்க உதவும் பாரிட்டியையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும், அதாவது நான்கு செயல்கள். ஆகவே நான்கு வட்டுகள் சேர்ந்தும் எழுதுவதில் ஒரே வட்டின் வேகத்தைத்தான் தந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு வட்டுகளில் நகலாக எழுதும் ரெய்டு 10-இல் இரண்டு செயல்கள் போதும். அதே வட்டுகள் இரு மடங்கு தாங்கும்.

இப்போது அஞ்சல் பெட்டிகளை ரெய்டு 10-க்கும், கியூவை ஒன்றின் நகல் மற்றொன்றாக இயங்கும் இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் (சுழலும் பாகமற்ற சிப் வட்டுகள்) மாற்றியிருக்கிறேன். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது இங்கே வாடிக்கை என்பதால், மின்சாரம் நின்றாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கச் சிறிது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் கொண்ட எஸ்எஸ்டிகளையே தேர்ந்தெடுத்தேன். விலை கூடுதல்தான், ஆனால் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்ட கடிதத்தைத் தொலைப்பதை என்னால் ஒப்ப முடியாது.

புதிய வட்டுகள் கோயம்புத்தூரிலிருந்து மாலைப் பனிமூட்டத்தில் வந்து சேர்ந்தன. அட்டைப்பெட்டி சில்லென்றிருந்தது. குளிர்ந்த உலோகத்தின்மேல் சர்வர் அறையின் வெதுவெதுப்பு பட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், உறையைப் பிரிக்காமல் ஓர் இரவு அதே அறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் பொருத்தினேன்.