கதவிடுக்கு நிழலுக்கு மூன்று இரவுகள்

ஒருவழியாக அந்த ஷாட் கிடைத்துவிட்டது. கதவுக்கு அடியில் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் இடுக்கின் வழியாக அறைக்குள் விழும் ஒளிப்பட்டையில், யாரோ ஒருவருடைய இரண்டு கால்களின் நிழல் வந்து நின்று, பிறகு இல்லாமல் போக வேண்டும். எங்கள் இரண்டு நிமிடத் திரில்லர் தொடக்கக் காட்சியின் உயிர் அதில்தான் இருந்தது. திரையில் 11 வினாடி மட்டுமே வரும் இதற்கு மூன்று இரவுகளும், 47 டேக்குகளும், ஒன்றரைக் கிலோ கோலமாவும் செலவாயின. மற்ற 20 ஷாட்டுகளையும் இரண்டே பகலில் முடித்துவிட்டோம் என்பதால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி, முழுப் படம் எடுக்காமல் அதன் தொடக்கத்தை மட்டும், பெயர்த் தலைப்புகளோடு சேர்த்து, இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டுவது. வேலூரில் திரில்லர் என்றதும் குழுவில் இருந்த ஐவருமே கோட்டை என்றோம். அகழியின் மேல் அதிகாலைப் பனி, கொத்தளத்தின் மேல் ஓர் உருவம் என்று ஷாட் ஷாட்டாகக் காட்சிப் பலகை (ஸ்டோரிபோர்டு) கூட வரைந்தாகிவிட்டது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் என்பதும், முக்காலி வைத்துப் படம் பிடிக்க முன் அனுமதி வேண்டும் என்பதும் அதற்குப் பிறகுதான் எங்கள் புத்திக்கு எட்டின. அனுமதி வாங்கிவரும் பொறுமை ஒருவருக்கும் இல்லை. ஆனால் நாங்கள் தினமும் கடந்து போகிற, வங்காள எழுத்துப் பலகைகள் தொங்கும் மருத்துவமனைப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் லாட்ஜுகளே கோட்டையைவிடப் பயம் தரக்கூடியவை என்பதை என் தோழிதான் முதலில் சொன்னாள். எங்கோ வடகிழக்கிலிருந்து அம்மாவின் சிகிச்சைக்காக வந்த ஒரு மகன், லாட்ஜ் அறையிலேயே ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, இரவு ஒரு மணிக்கு மருத்துவ ஃபைலைப் புரட்டும்போது, அதற்குள் இருக்கும் எக்ஸ்ரே தன் அம்மாவுடையது அல்ல என்று கண்டுகொள்கிறான். அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே யாரோ வந்து நிற்கிறார்கள்.

தூரத்து உறவு ஒருவர் மூலமாக ஒரு லாட்ஜில் மாடியின் கடைசி அறையை இரவு 12 முதல் 4 மணிவரை பயன்படுத்திக்கொள்ள இசைவு கிடைத்தது. அறைக் கதவு தாழ்வாரத்தின் பக்கவாட்டில் இல்லாமல் அதன் முடிவில், தாழ்வாரத்தைப் பார்த்தபடி இருந்தது. அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. வேறு எந்த அறையைக் கொடுத்திருந்தாலும் இந்த ஷாட் நடந்திருக்காது.

முதல் இரவில் தாழ்வாரத்து விட்டத்தில் இருந்த டியூப்லைட்டையே நம்பினோம். கேமராவைக் கேழ்வரகு நிரப்பிய சிறு துணிமூட்டையின் மேல் தரையோடு தரையாக வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், இடுக்கில் ஒரு மங்கலான கோடு தெரிந்ததே தவிர, அறைக்குள் ஒளிப்பட்டை எதுவும் விழவில்லை. கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 6400 வரை ஏற்றிப் பார்த்ததில் திரையில் புள்ளி புள்ளியாக மணல் கொட்டியதுதான் மிச்சம். காரணம் மறுநாள் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒன்பது அடி உயரத்தில், பத்தடி தள்ளி இருக்கும் விளக்கிலிருந்து சரிந்து வரும் ஒளி, இரண்டு சென்டிமீட்டர் இடுக்கில் நுழைந்தாலும் இரண்டே கால் சென்டிமீட்டருக்குள் தரையைத் தொட்டுவிடும். கதவின் கனமோ மூன்றரை சென்டிமீட்டர். அதாவது ஒளி கதவைத் தாண்டி அறைக்குள் வரவே முடியாது. நாங்கள் பார்த்த மங்கல் கோடு, தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சம் மட்டுமே. திரைப்படங்களில் இந்த ஷாட்டை நூறு முறை பார்த்திருந்தும், விளக்கு தரையில் இருந்தாக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் இரவு, வீட்டிலிருந்து கழற்றி எடுத்துச்சென்ற நான்கடி டியூப்லைட்டைத் தாழ்வாரத்தின் குறுக்கே தரையில் கிடத்தினோம். ஒளி வந்தது, கால் நிழல் வரவில்லை. நடப்பதற்காக அழைத்துவந்திருந்த என் அத்தை மகன் கதவருகே வந்து நின்றால், பட்டை லேசாகக் கறுத்ததே ஒழிய, இரண்டு கால் என்று சொல்லும்படி எதுவும் பிரிந்து தெரியவில்லை. விளக்கு அகலமாக ஆக நிழலின் விளிம்பும் கூடுதலாகக் கரைந்துபோகும். விளக்கின் அகலம் 120 சென்டிமீட்டர், விளக்குக்கும் காலுக்கும் இடையே 270, காலுக்கும் கதவுக்கும் இடையே 30 என்று வைத்துக்கொண்டால், விளிம்பின் கரைசல் மட்டுமே 13 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. அத்தை மகனுடைய பாதத்தின் அகலமே பத்துதான். இந்தக் கணக்கைப் பிளஸ் டூவில் புறநிழல் என்ற பெயரில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் எங்களில் மூவர்.

ஆகவே டியூப்லைட்டை ஓரம் கட்டிவிட்டு, மூன்று சென்டிமீட்டர் முகம் கொண்ட ஓர் எல்.இ.டி. டார்ச்சைத் தரையில் படுக்க வைத்தோம். நிழல் கத்தியால் வெட்டியதுபோல் வந்தது. ஆனால் டார்ச்சின் வெளிச்சம் அதிகமாக இருந்ததால் அதைக் குறைந்த நிலைக்கு மாற்றியதும் படம் முழுவதும் கறுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கின. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/50 வினாடி திறக்கும் ஷட்டர் என்று முன்ஜாக்கிரதையாகவே வைத்திருந்தோம். அது டியூப்லைட்டுக்கு மருந்தே தவிர, பேட்டரி டார்ச்சுக்கு அல்ல. இத்தகைய டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடுகிறது. பட்டர் பேப்பரை முன்னால் கட்டிப் பார்த்தோம்; அப்போது ஒளிர்வது அந்தக் காகிதம் முழுவதும் என்பதால் விளக்கு மறுபடியும் பெரிதாகி நிழல் கரைந்தது. ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்தால், முன்னால் மங்கலாகத் தெரிய வேண்டிய மகனின் கையும், அதன் மேல் விழும் செல்போன் வெளிச்சமும் இருட்டில் மூழ்கின. மிஞ்சிய ஒரே வழி டார்ச்சை முழு வெளிச்சத்திலேயே விட்டுவிட்டுத் தள்ளி வைப்பது. பத்தடியிலிருந்து இருபதடிக்குக் கொண்டுபோனால் ஒளி நான்கில் ஒரு பங்காகும், விளிம்பும் இன்னும் கூர்மையாகும். தாழ்வாரத்தின் நடுவே தண்ணீர் வடிவதற்காகத் தரையை லேசாக மேடாக்கியிருந்ததால் ஒளியின் அடிப்பாகம் வெட்டுப்பட்டது. டார்ச்சுக்கு அடியில் குடியாத்தத்துத் தீப்பெட்டி ஒன்றைப் படுக்க வைத்ததும் அதுவும் சரியாயிற்று. அந்தத் தீப்பெட்டியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாம் இரவில் ஒரு டேக்கும் தேறவில்லை. அறையின் தரையில் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். நிழல் தெரிய வேண்டுமென்றால் அதைச் சுற்றி விழும் ஒளி தரையில் சிதற வேண்டும். இந்தத் தரையோ கண்ணாடிபோல ஒளியை அப்படியே திருப்பி நேராக லென்ஸுக்குள் அனுப்பியது. கேமராவை ஒரு சாண் உயர்த்தினால் கூசவில்லை, ஆனால் பட்டையும் தெரியவில்லை. சாக்குத் துணி விரித்தால் அது லாட்ஜ் தரையாக இல்லை. விடியற்காலையில் கோபத்தோடு வீடு திரும்பும்போது, வாசலில் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மாவு சிந்திய இடத்தில் மட்டும் சிமென்ட் தரை தன் பளபளப்பை இழந்திருந்தது.

லாங் பஜாரில் கோலமாவு வாங்கும்போது, அரிசிமாவு கலக்காத கல்மாவாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். அரிசிமாவு கலந்திருந்தால் பத்து நிமிடத்தில் எறும்பு வந்துவிடுகிறது, குளோசப்பில் எறும்பு யானை அளவு தெரிகிறது. மாவை மெல்லிய மல்துணியில் முடிந்து, முழங்கால் உயரத்திலிருந்து தட்டித் தட்டித் தூவினால் ஒரே சீராகப் படியும். கையால் தூவினால் திட்டுத் திட்டாகி, நிழலே கோலம்போல ஆகிவிடும். லாட்ஜ் பொறுப்பாளர் பாதியில் எட்டிப்பார்த்து, "இன்னாப்பா, படம் எடுக்கறன்னு சொல்லிட்டு மாவு கொட்டிக்கினு கீறீங்க?" என்று கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. முடிந்ததும் மூன்று முறை ஈரத்துணி போட்டுத் துடைத்துக் கொடுத்தோம். வாடகை லென்ஸின் ஃபோகஸ் வளையத்துக்குள் புகுந்த மாவுக்காகக் கடைக்காரரிடம் வாங்கிய பேச்சு தனி. அடுத்த முறை லென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிவிட்டுத்தான் மாவு மூட்டையை அவிழ்ப்பேன்.

மூன்றாம் இரவில் எல்லாம் கூடிவந்து, அத்தை மகன் இருட்டிலிருந்து நடந்துவந்தபோது, நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. நிழல் நடந்து வரவில்லை. கண் சிமிட்டிக்கொண்டு வந்தது. இடது கால் ஊன்றும்போது சட்டென்று ஒரு கறுப்புக் கட்டை தோன்றி, தூக்கும்போது மறைந்தது, பிறகு வலது. முதலில் டார்ச்தான் பழுது என்று நினைத்துத் திட்டினோம். யோசித்தபோதுதான், இடுக்கின் வழியாக நுழையும் ஒளி காலருகே தரையிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளாகவே வருகிறது என்பதும், அறைக்குள் நாம் பார்ப்பது காலின் நிழல் அல்ல, செருப்பின் அடிப்பகுதியின் நிழல் என்பதும் புலப்பட்டன. பாதம் மூன்று சென்டிமீட்டர் மேலே போனால் உலகத்தின் பார்வையில் அந்த மனிதன் அங்கே இல்லை. காலைத் தேய்த்துக்கொண்டு நடக்கச் சொல்லிப் பார்த்தோம். நிழல் விட்டுப் பிரியாமல் வந்தாலும் வழுக்கிக்கொண்டு வருவதுபோல் இருந்ததால் சிரிப்பு வந்துவிட்டது. சிமிட்டும் நிழலையே வைத்துக்கொண்டோம்.

படத்தின் முடிவும் இதே விஷயத்திலிருந்துதான் பிறந்தது. திரைக்கதையின்படி நிழல் வந்து நின்று, பிறகு திரும்பி நடந்து போக வேண்டும். முப்பதாவது டேக் வாக்கில் நின்று நின்று கால் கடுத்துப்போன அத்தை மகன், நான் கட் சொல்லத் தாமதித்த இடைவெளியில், கதவுக்கு மேலிருந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சோம்பல் முறிப்பதற்காக ஒரு கணம் உடம்பைத் தூக்கினான். ஒளிப்பட்டை முழுதாகத் திரும்ப வந்தது. போகும் காலடி ஓசை இல்லை, விலகும் நிழல் இல்லை. நின்றிருந்தவன் ஒரே ஃப்ரேமில் இல்லாமல் போனான். மானிட்டருக்கு முன்னால் இருந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மீதிப் பதினேழு டேக்கும் அதை வேண்டுமென்றே செய்யவைப்பதற்காகத்தான். இரண்டு பாதங்களும் ஒரே ஃப்ரேமில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினாலும் மாயம் போய், உடற்பயிற்சியாகிவிடுகிறது. பாவம், அவனுடைய உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

தொகுப்பில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது காலடி ஓசை. 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லி வினாடி. சாதாரணமாக நடப்பவரின் உடம்பைக் காட்டும் ஷாட்டில் ஓசை ஒரு ஃப்ரேம் முன்பின் இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. இங்கே நிழல் தோன்றும் கணமும் ஓசை விழும் கணமும் ஒன்று என்பதால், ஒரு ஃப்ரேம் பிசகினாலும் பார்ப்பவரின் காது சொல்லிவிடுகிறது. லாட்ஜில் பதிவான ஒலி மின்விசிறி இரைச்சலோடு பயனற்றுப் போயிற்று. காட்பாடியில் ஒரு நண்பனின் வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரையில், விசிறியை நிறுத்திவிட்டு, மே மாத வெயிலின் சூடு இறங்காத அறைக்குள் வியர்த்துக்கொண்டு ஃபோலி, அதாவது படத்துக்கு ஏற்ப ஓசையைத் தனியாக நடித்துப் பதிவுசெய்யும் வேலையைச் செய்தோம். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று நான்கு திசைக்கும் ரயில் பிரியும் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவு செய்யத் துணிந்தது எங்கள் அறியாமை. இரவு இரண்டரை மணிக்கும் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. ரப்பர் செருப்பின் ஓசையில் எடுப்பு இல்லை. ஆம்பூரில் ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிவிட்ட காலணிகளை விற்கும் கடை ஒன்றில், தோல் அடிப்பாகம் கொண்ட ஒரு ஷூ 450 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் அடியில் சிட்டிகை கோலமாவைத் தேய்த்து நடந்தால் ஓசையில் ஒரு நறநறப்பு சேருகிறது. ஆம்பூருக்குப் போய் பிரியாணி சாப்பிடாமல் திரும்பியதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அந்தச் செலவையும் தயாரிப்புக் கணக்கிலேயே எழுதியிருக்கிறோம்.

ஷாட்டுகளின் வரிசையில் ஒரு மாற்றம் செய்தோம். முதல் தொகுப்பில் மகன் எக்ஸ்ரேயில் இருக்கும் பெயரைப் படித்து அதிர்ந்த பிறகு நிழல் வந்தது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹிட்ச்காக் சொன்னதை எல்லாரும் எல்லா வகுப்பிலும் மேற்கோள் காட்டுவதால் எனக்கு அதன்மேல் ஒரு சலிப்பு இருந்தது. ஆனால் நிழலை முன்னால் கொண்டுவந்து, அவன் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே நமக்குக் காட்டிவிட்டால், அந்தக் கரண்டிச் சத்தமே பதற்றமாகிவிடுகிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள்மேல் உள்ள சலிப்பு மட்டும் மாறவில்லை.

இப்போதைக்குப் படம் 1 நிமிடம் 52 வினாடியில் நிற்கிறது. தலைப்பு எழுத்துரு முடிவாகவில்லை. லாட்ஜ் பலகையில் இருப்பதுபோல் தமிழும் வங்காளமும் சேர்ந்து வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்குள் அடுத்த படத்துக்காகப் பாலாற்று மணலில், பாலத்தூண்களின் நீண்ட காலை நிழல்களை வைத்து ஒரு காட்சியை மனத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டேன். நிழல் மறையும் கணத்தில் ஜன்னல் கம்பி முனகும் மிக மெல்லிய ஓசை ஒன்றைச் சேர்க்கலாமா என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சேர்த்தால் அவன் மேலே தொங்குகிறான் என்பது கூர்ந்து கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். சேர்க்காவிட்டால் அது பேய்ப்படமாகிவிடும் என்பது தோழியின் வாதம். அந்த ஓசையை டைம்லைனில் ஆறாவது தடத்தில் வைத்து, இப்போதைக்கு ஊமையாக்கி வைத்திருக்கிறேன்.