கட்டுக் கட்டாகப் பறவைகள்

வங்கிக் கேஷியர் வேலையில் "ஏறக்குறைய" என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. சாயங்காலம் பெட்டியில் இருக்கும் பணமும் கம்ப்யூட்டர் காட்டும் தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பதினாறு வருஷம் இப்படியே எண்ணிப் பழகிய கையோடுதான் 2021-இல் மாற்றலாகி ராமேஸ்வரம் தீவுக்கு வந்தேன். அங்கே மூன்று குளிர்காலம் பறவைகளையும் எண்ணினேன். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் வருகிறது.

என்னை இழுத்துப் போனவர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஒரு பெரியவர். மாதம் ஒருமுறை பணம் எடுக்க வருவார். ஒருநாள் நான் நோட்டு எண்ணுவதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "மேடம், உங்களுக்கு எண்ணத்தான் தெரியுமே. ஞாயித்துக்கிழமை தனுஷ்கோடி பக்கம் வாங்க. எண்ணுறதுக்கு ஆள் பத்தலை" என்றார். பறவை பார்க்கிறீர்களா, பிடிக்குமா என்றெல்லாம் கேட்கவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தத் தீவில் குளிர்காலம் என்றால் சிரிப்புதான் வரும். ஸ்வெட்டர் வேண்டாம், காதில் கட்டிக்கொள்ள ஒரு துணி இருந்தால் போதும். வாடைக்காற்று அப்படி. ராமேஸ்வரத்தைத் தாண்டி தனுஷ்கோடி ரோட்டில் திரும்பினால் இரண்டு பக்கமும் கடல். மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். ஒன்று முரடு, மற்றது சாது. வாடை வீசும் மாதங்களில் இது தலைகீழாகி, பெண் கடல்தான் அலையடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் மணலும் ஆழமில்லாத உப்புநீர்த் தேக்கங்களும். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊரின் சுவர்களைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் சேற்றில் ஆர்க்டிக் பிரதேசத்திலிருந்து வந்த கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும்.

முதல் நாள் எனக்குக் காட்டியது கொசு உள்ளான். பைனாகுலரில் பார்த்தபோது சேற்றின் மேல் தையல் மெஷின் ஓடுவது மாதிரி இருந்தது. அலகு விடாமல் குத்திக்கொண்டே போகிறது. எடை சுமார் 25 கிராம் என்றார் கூட வந்த கல்லூரிப் பையன். வேலைப் புத்தி விடுமா, உடனே மனசுக்குள் ஐந்து ரூபாய் நாணயம் நாலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் கனம். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு துந்திரா வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இங்கே வந்து இறங்கிவிடுகிறது. அது வரும் வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும். முதல் வருஷத்துக் குருவிகளில் சில போகாமல் வெயில் காலத்தையும் இங்கேயே ஓட்டிவிடும். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காத கதைதான்.

எண்ணுவது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் என் அகங்காரம் அடிபட்ட இடம் அது. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் பறவைகள் சேறு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அப்போது எண்ணினால் பாதி விட்டுப்போகும். நீர் ஏறும்போது மேயும் இடம் சுருங்கிச் சுருங்கி, எல்லாம் ஏதாவது ஒரு மணல்திட்டில் வந்து ஒண்டும். அப்போது எண்ண வேண்டும். அந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் நாலு விரற்கடை நீர் ஏறினாலே ஒரு மைதானம் மூழ்கிவிடும். திட்டில் ஒதுங்கிய பறவைகள் காற்று வரும் திசையைப் பார்த்து ஒரே வரிசையாக நிற்கும். வாலுக்குப் பின்னால் காற்று புகுந்தால் இறகு கலைந்துவிடும் அல்லவா.

அன்று திட்டில் நின்ற சின்ன உருவங்களை ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினேன். வலது கையில் அமுக்கி எண்ணும் கிளிக்கர், இடது கை முக்காலியில். அரைமணி நேரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 643 என்று எழுதிக் கொடுத்தேன். மற்ற இருவர் 800, 900 என்று மொட்டையாக எழுதியிருந்தார்கள். எனக்கு உள்ளூர இளக்காரம். அப்புறம் கல்லூரிப் பையன் எடுத்த படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கி, ஒவ்வொரு பறவையின் மேலும் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனான். 870-ஐத் தாண்டியது. ஒன்றன்பின் ஒன்று மறைத்து நின்றவை, பள்ளத்தில் உட்கார்ந்திருந்தவை, நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே வந்து இறங்கியவை எல்லாம் என் கணக்கில் இல்லை. பெரிய கூட்டத்தை எண்ணும் புதியவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் எண்ணுவார்களாம். கடைசி இலக்கம் வரை எழுதிய என் எண்தான் இருந்ததிலேயே மோசமான எண்.

பெரியவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கட்டுக் கட்டா எண்ணுங்க மேடம், ஒத்தை ஒத்தையா எண்ணாதீங்க" என்றார் அவ்வளவுதான். நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல் என்று தினமும் கவுண்டரில் பார்க்கிறவளுக்கு அவர் சொல்லித்தான் இது உறைத்தது. முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வை. பத்துப் பத்தாகச் சேர்த்து நூறு. அப்புறம் அந்த நூறைத் தூக்கித் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போ. அவரிடம் ஸ்கோப் கிடையாது. கையை நீட்டிக் கட்டைவிரலால் கூட்டத்தை மறைப்பார். ஒரு விரலுக்குள் எத்தனை என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு எத்தனை விரல் என்று அளப்பார். ஆனால் எல்லாக் கட்டும் ஒரே கனம் இல்லை. நீர் ஓரத்தில் உள்ளான்கள் தோளோடு தோள் உரசி நிற்கும், பின்னால் கோட்டான்கள் (ஆந்தை அல்ல, மூக்கு வளைந்த பெரிய கரைப்பறவை) காலை விரித்துத் தள்ளித் தள்ளி நிற்கும். முன் வரிசைக் கட்டைப் பின் வரிசையில் வைத்தால் கணக்கு எகிறிவிடும்.

இதில் பைரி என்ற வேட்டைப் பறவை வந்தால் தீர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்குள் திட்டு முழுவதும் எழும்பும். வெள்ளை வயிறும் பழுப்பு முதுகும் மாறி மாறி மின்ன, ஒரு துணியை உதறுவது போல வானத்தில் இரண்டு சுற்று. எண்ணிக்கொண்டிருந்தது போச்சு. நோட்டு எண்ணும் மெஷின் பாதியில் சிக்கிக்கொண்டால் வருகிற அதே எரிச்சல் எனக்கு. மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியை ரசிக்க எனக்கு இரண்டாவது குளிர்காலம் ஆகிவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

படிவத்தில் "இனம் தெரியாத சிறு கரைப்பறவைகள்" என்று ஒரு வரி உண்டு. ஆரம்பத்தில் அந்த வரி காலியாக இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்தேன். அந்தப் பிடிவாதத்தில் ஒருநாள் கிரேட் நாட் என்று எழுதிவிட்டேன். உலக அளவில் அழிந்துவரும் பறவைகள் பட்டியலில் இருப்பது. எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் பார்த்தது அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று. பத்து நிமிஷம் கழித்து அது நிதானமாகத் தலையைத் தூக்கியது. நீளமாக, லேசாக மேல்நோக்கி வளைந்த மூக்கு. பட்டைவால் மூக்கன். யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த வரியை நான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்றே அழைத்தேன். எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாத தொகையை வங்கியில் போட்டு வைக்கும் இடம். ஆனால் வங்கியில் அதைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லித் துரத்துவார்கள். இங்கே அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மூக்கனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் அந்த இனத்துக் குஞ்சு ஒன்று, பிறந்து சில மாதங்களே ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்ததை முதுகில் கட்டிய கருவி காட்டியது. அந்தச் செய்தி வந்த கொஞ்ச நாளில், அந்த டிசம்பரில், பாம்பன் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். வண்டி மண்டபத்தோடு நின்றுவிடும். கடலைத் தாண்ட பஸ் பிடித்து அலுத்துக்கொண்ட நாட்களில் அந்தக் குஞ்சு நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்வேன்.

பெரியவர் ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, கவுண்டரில் சலான் தள்ளும் இடத்தில் வைத்தார். உள்ளே ஒரு அலுமினிய வளையம். வலையில் சிக்கிச் செத்த உள்ளானின் காலில் இருந்ததாம். பொடி எழுத்தில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஆங்கில வாசகமும் ஒரு எழுத்தும் எண்களும். கள்ள நோட்டுப் பார்க்கும் பூதக்கண்ணாடியில் நான்தான் வாசித்துச் சொன்னேன். நோட்டைப் போலவே ஒரு எண் ஒரு பறவைக்குத்தான். எங்கே, எந்த நாள் மாட்டப்பட்டது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடுவார்கள். எத்தனையோ லட்சம் நோட்டு எண்களைப் பார்த்தவள், ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப வாசித்தது அன்றுதான். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது.

2023-இல் இன்னொரு வேடிக்கை. அந்த மணலில் கென்டிஷ் உப்புக்கொத்தி என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அதில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி இனம் பெருக்குவது தனி இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 1915-லேயே அதற்குத் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 1930-களில் கென்டிஷோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது மறுபடி பிரித்து ஹனுமன் ப்ளோவர் என்று பெயர். பாலம் கட்டிய கதை நடக்கும் கரையில் வாழ்வதால் அந்தப் பெயர். குருவி அளவுதான் இருக்கும். என் வேலையில் வங்கிகளை இணைத்துப் பார்த்திருக்கிறேன், பிரித்துப் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கென்டிஷும் இங்கேயே இருக்கும் ஹனுமனும் கிட்டத்தட்ட ஒரே உடுப்பில் இருக்கும். கால் கறுப்பா, கருஞ்சாம்பலா என்று பார்க்க வேண்டும், அதுவும் உறுதியில்லை. மாற்றலில் வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்வது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வீங்கியது.

பூநாரைகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லோரும் எழுதுகிறார்கள். எண்ண ரொம்பச் சுலபம், அதனால் சண்டையே வராது. சாம்பல் நிறத்து இளசுகளைத் தனியாக எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறக்க முடியவில்லை. காரில் வந்த நாலு பேர், பறக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்பதற்காகக் கை தட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். தலைகீழாக அலகை வைத்து மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் எழும்பிப் போனது. வீடியோ நன்றாக வந்திருக்கும். ஒருவர் என்னிடமே வந்து, "மறுபடி எப்போ வரும்?" என்று கேட்டார். பெரியவர்தான் பதில் சொன்னார், "நீங்க போனதும் வரும்."

பறவை பார்த்ததால் வேலையில் ஒருமுறை அடி வாங்கினேன். விடியலுக்கு முன்பே கிளம்பி ஞாயிறு முழுக்க வெயிலில் நின்ற மறுநாள், ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு குறைந்தது. ஒரு கட்டில் எண்ணாமல் விட்டிருக்கிறேன். என் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினேன். "பறவை பார்க்கிற கண்ணு நோட்டைப் பார்க்காது" என்றார் அப்போதைய மேலாளர். அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஏழு பேர் செய்ய வேண்டிய வேலையை நாலு பேர் செய்த கிளை அது, அதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது குளிர்காலக் கணக்கெடுப்பில் எங்கள் தாளை நான்தான் கூட்டினேன். மூன்று தடவை கூட்டி, கோடு போட்டு, கையெழுத்து வைத்து முடித்த நேரத்தில் பெரியவர் கையை நீட்டினார். "இன்னொண்ணு இருக்கு மேடம்." நீரில் பாதி மூழ்கிய உடைந்த படகுக்குப் பின்னால் ஒற்றை நண்டுண்ணி. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, தடித்த அலகு. அரபு நாடுகளின் கரை மணலில் வளை தோண்டி முட்டையிடும் பறவை. ஒரு நண்டை அலகில் அடித்து அடித்துக் காலை உதிர்த்துக்கொண்டிருந்தது. மற்ற எல்லா வரியிலும் நான் எழுதியவை 350, 900, 120 மாதிரி எண்கள். இந்த ஒன்றுக்காக மறுபடி கூட்ட வேண்டுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடித்துவிட்டு மறுபடி கூட்டினேன்.

2024 மே மாதம் மாற்றல் வந்தது. அடுத்த வருஷம், 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று தனுஷ்கோடியைப் பூநாரைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. சுமார் 524.7 ஹெக்டேர். செய்தியைச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படித்தேன். 2023-24 கணக்கெடுப்பில் அங்கே 128 இனங்களைச் சேர்ந்த 10,761 பறவைகள் பதிவானதாகப் போட்டிருந்தது. அதில் எங்கள் தாளும் சேர்ந்திருக்கும். எத்தனையோ பேர் கட்டைவிரலை நீட்டி அளந்த ஏறக்குறையக் கணக்கு, கடைசியில் ஒற்றை ஒன்றில் வந்து நிற்கிறது.

பெரியவருக்குப் போன் செய்து எண்ணை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. "படகுக்குப் பின்னாடி நின்னுச்சே, அதுதான் மேடம்" என்றார்.