வெட்டி ஒட்டிய ஜோடிப் பாட்டு

ஜூன் 3
இந்த வாரம் முழுக்க ஒரே பாட்டுதான் ஓடுகிறது, ‘யூ டோன்ட் பிரிங் மீ ஃப்ளவர்ஸ்’. அமெரிக்கப் பாடகர்கள் நீல் டயமண்டும் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் சேர்ந்து பாடி 1978 அக்டோபரில் வந்த பதிவைப் பலரும் கேட்டிருப்பார்கள். என் மண்டையைக் குடைவது அதற்கு முந்தையது, இசைத்தட்டாக வெளிவராதது. அதில் இருவரும் சேர்ந்து பாடவே இல்லை!

டயமண்ட் 1977-ல் தனியாகப் பாடினார், அடுத்த வருடம் ஸ்ட்ரைசாண்ட் தன் ‘சாங்பேர்ட்’ ஆல்பத்தில் தனியாகப் பாடினார். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து வானொலி ஒன்றில் வேலை பார்த்த கேரி கத்ரி, இரண்டும் ஒரே சுருதியில் இருப்பதைக் கவனித்து, இரண்டையும் வெட்டி ஒட்டி, இவர் கேட்க அவர் பதில் சொல்வதுபோல் கோத்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு விவாகரத்து ஆகியிருந்தது, பிரிந்துபோன மனைவிக்கு இது பரிசாம். என்ன மனுஷனோ. வானொலியில் போட்டதும் அதற்கு அப்படியொரு கிராக்கி, கடையிலோ அப்படி ஒரு தட்டே கிடையாது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் இருவரையும் அழைத்துவந்து நிஜமாகவே பாட வைத்தது அதற்குப் பிறகுதான்.

ஜூன் 5
சரி, நாமும் செய்து பார்ப்போமே என்று இரண்டு தனிப்பாட்டையும் கணினியில் ஏற்றினேன். சுருதி பொருந்துகிறது, காலப்பிரமாணம்தான் படுத்துகிறது. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வரியை இழுக்கிறார்கள், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் பாடிக்கொண்டிருக்கிறார், ஒருவருடைய பின்னணி இசை அடங்குவதற்குள் வெட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது. என்னிடம் தவறினால் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருக்கிறது, 1978-ல் நாடாவையும் பிளேடையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஜூன் 8
ஒருவழியாக முதல் பாதி ஒட்டிவிட்டது. இப்போது அதிகாரப்பூர்வப் பதிவைக் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிறது. அதில் ஒருவர் பாடுவதை மற்றவர் கேட்டு, இடம் விட்டு, இழைந்து பாடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் போன தம்பதியைப் பற்றியது! ஒட்டுப் பதிவில் இரண்டு பேரும் நிஜமாகவே எதிராளி இருப்பது தெரியாமல் பாடுகிறார்கள், புலம்பல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறதே தவிரத் தொட்டுக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

நம் சினிமா டூயட்டுகளிலும் இப்போது இருவரும் தனித்தனி நாளில் வந்து பாடிவிட்டுப் போவது சகஜம்தான், ஆனால் அங்கே சேர்ந்து பாடியதுபோல் காட்டத்தான் அத்தனை பாடும். இதில் வேடிக்கை, டயமண்டும் ஸ்ட்ரைசாண்டும் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே பள்ளியில், எராஸ்மஸ் ஹாலில், ஒரே பாட்டுக் குழுவில் இருந்தவர்கள்.

ஜூன் 9
சேர்ந்து பாடியது 1978 டிசம்பரில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதலிடம், இரண்டு வாரம், அதுவும் தொடர்ச்சியாக இல்லை, நடுவில் ஒரு வாரம் ‘லெ ஃப்ரீக்’ என்ற வேறு பாட்டு புகுந்துவிட்டது. கத்ரி கொலம்பியாவின் தாய் நிறுவனமான சிபிஎஸ் மீது 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தொகை கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் நான் அவர் கட்சி. எழுதியவர்களும் பாடியவர்களும் இருந்தும் இதை ஜோடிப் பாட்டாகக் கேட்டது அவர் காதுதானே.